பழைய கல்யாணப் பத்திரிகையில் புதுப் பொங்கல் வாழ்த்து: வாசகர் கேள்வி – பதில்

பொங்கலுக்கு வாழ்த்து அட்டையைக் கையாலேயே செய்ய நினைப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. வீட்டில் மீந்து கிடப்பதை வைத்துச் செய்தால் மடிப்பு வெடிக்கிறது, அட்டை வளைகிறது, ஒட்டியது உதிர்கிறது. கை ராசி, கைத்திறன் எதுவும் இதற்குக் காரணமில்லை. காசு கொடுத்து வாங்கும் தாளைத் தடவிப் பார்த்து, மடித்துப் பார்த்து வாங்குகிறோம். மீந்த தாளை மட்டும் பார்க்காமலே கத்தரியை எடுத்துவிடுகிறோம்.

கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை வெட்டி மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து நிறம் உதிர்கிறது. சாமி படம் இருப்பதால் வெட்டவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சிவகங்கை

பளபளப்பான பத்திரிகை அட்டையின் மேல் களிமண் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். அச்சு மை அந்தப் பூச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மடிக்கும்போது உள்ளே இருக்கும் நார் வளைந்து கொடுக்கும், பூச்சு கொடுக்காது. அதனால்தான் வெடித்து வெள்ளை தெரிகிறது.

முதலில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அட்டையை நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை, மடிந்துவிடாமல் லேசாக வளையுங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாகத்தான் மடிப்பு விழ வேண்டும். கையில் வித்தியாசம் தெரியாவிட்டால் 5 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழல்போலச் சுருளும். அந்தக் குழலின் நீளம் எந்தத் திசையோ, அதுதான் நார் ஓடும் திசை. நாருக்குக் குறுக்கே மடித்தால் எத்தனை கவனமாக மடித்தாலும் விரிசல் விடும்.

அடுத்தது, அச்சகத்தில் கிரீசிங் என்று சொல்லும் வேலை. மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் இரண்டு மூன்று தடவை அழுத்திக் கோடு இழுங்கள். அடியில் ஒரு பழைய நோட்டு இருந்தால் பள்ளம் நன்றாக விழும். கோடு இழுத்த பக்கத்தில் பள்ளமும் மறுபக்கத்தில் மேடும் வரும். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கம், மேடு உட்பக்கம் என்று வரும்படி மடியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெல்லிய தாளில் அது பெரிதாகத் தெரியாது. 250, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையில் வெளிப்பூச்சு இழுபட்டுக் கிழியும்.

இவ்வளவு செய்தும் வெடிக்கிறதென்றால் அந்தப் பத்திரிகையை மடிக்கவே வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளை அட்டையில் அடிப்படை அட்டையைச் செய்துகொண்டு, பத்திரிகைத் துண்டை அதன் முகப்பில் ஒட்டுங்கள். உண்மையில் இதுதான் எல்லாப் பத்திரிகைக்கும் பொருந்தும் வழி. ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு முறை மடித்தால் 10.5 × 14.8 செ.மீ. அளவில் இரண்டு வாழ்த்து அட்டை கிடைக்கும். முகப்பில் ஒட்டும் துண்டு 9.5 × 13.8 செ.மீ. இருக்கட்டும். சுற்றிலும் அரை செ.மீ. வெள்ளை ஓரம் விட்டால்தான் ஒட்டு வேலை மாதிரித் தெரியாமல் சட்டம் போட்டதுபோல் நிற்கும்.

சாமி படத்தைப் பொறுத்தவரை, உருவத்தின் மேல் கத்தரி படாமல் சுற்றிலும் 5 மி.மீ. விட்டு முழுதாக வெட்டி எடுத்து, புதுமனை புகுவிழா, ஆயுத பூஜை வாழ்த்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தடவிய மூலைகளைத் தாராளமாக 2 செ.மீ. வெட்டிவிடுங்கள். ஈரப் பசை பட்டால் மஞ்சள் பரவும். இன்னொன்று: பெயர், முகவரி, செல்பேசி எண் அச்சான பகுதி எந்த அட்டையிலும் வெளியே தெரியக் கூடாது. ஒட்டிய பக்கத்தில் மறைந்திருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், படிக்க முடிந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

பத்திரிகையின் மேல் ஜெல் பேனாவால் எழுதினால் மணிக்கணக்கில் காயாமல் இழுபடுகிறது.
– வாசகர், ஆம்பூர்

லேமினேஷன் செய்த அட்டை. ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் இழை நீண்டு வரும். பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது. பெர்மனன்ட் மார்க்கரால் எழுதலாம். வெள்ளைத் தாளில் எழுதி அதை ஒட்டுவது இன்னும் நல்லது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் இந்த அட்டையில் பிடிக்காது. இருபக்க டேப் போடுங்கள், அல்லது ஒட்டும் இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்துவிட்டுப் பசை வையுங்கள்.

ஃபெவிகால் தடவி ஒட்டியதும் நன்றாக இருக்கிறது. மறுநாள் அட்டை கிண்ணம்போல வளைந்துவிடுகிறது. புத்தகத்துக்கு அடியில் வைத்தும் பயனில்லை.
– வாசகி, சேலம்

வளைப்பது பசையில் உள்ள தண்ணீர். ஈரம் பட்டதும் தாளின் நார் பருத்து, தாள் அகலவாக்கில் விரிகிறது. விரிந்த நிலையில் அடி அட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. அதனால்தான் எப்போதும் ஒட்டிய தாள் இருக்கும் பக்கமாகவே வளைகிறது. மீந்த பசை இறுகிவிட்டதென்று தண்ணீர் கலந்திருந்தால் வளைவு இன்னும் கூடும்.

தாளோடு தாள் ஒட்ட வெள்ளைப் பசை வேண்டியதில்லை. பசைக்குச்சியோ 6 மி.மீ. இருபக்க டேப்போ போதும். வெள்ளைப் பசையைத் துணி, மரக்குச்சி, நூல், பொத்தான் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசைதான் கையில் இருக்கிறது என்றால் தண்ணீர் கலக்காமல், காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்றின் விளிம்பால் வழித்து, அடியில் உள்ள நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்புங்கள். இரண்டு தாளின் நாரும் ஒரே திசையில் இருக்கட்டும். முகப்பில் பெரிய தாளாக ஒட்டினால் அதே பக்கத்தின் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே கனத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சம அளவில் இழுத்தால் அட்டை நேராக நிற்கும்.

பாரம் வைப்பது ஒட்டிய உடனே நடக்க வேண்டும். காய்ந்து வளைந்த பிறகு வைத்து அதிகப் பயனில்லை. மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து, அதன்மேல் ஒரு பலகை, பலகையின் மேல் பாரம் என்று ஒரு இரவு முழுக்க இருக்கட்டும். செய்தித்தாள் வைக்காதீர்கள், ஈரத்தில் அச்சு மை அட்டையில் இறங்கும்.

மைதாப் பசை காய்ச்சலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2 மேசைக்கரண்டி மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் முக்கால் கப் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டினால் நல்ல பசைதான். காகிதக் கூழ், காகிதப் பொம்மை, அட்டைப்பெட்டி வேலைக்குப் பொருத்தம். வாழ்த்து அட்டைக்கு அதில் தண்ணீர் அதிகம். மைதா காய்ந்த இடத்தை ராமபாணப் பூச்சியும் தேடி வரும். அந்தக் காலத்தில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் வெட்டுத்துணியும் சரிகை பார்டர் துண்டுகளும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. அட்டையில் ஒட்டினால் ஓரம் பிரிகிறது, பட்டுத் துணியில் பசை கறை தெரிகிறது.
– வாசகி, ஈரோடு

உங்களிடம் இருப்பது பலருக்கும் கிடைக்காத சரக்கு. இரண்டு குறைக்கும் மருந்து உங்கள் கடையிலேயே இருக்கிறது: இஸ்திரி போட்டால் ஒட்டும் கேன்வாஸ். துணியை வெட்டும் முன்பே பின்பக்கம் கேன்வாஸ் வைத்துத் தேய்த்துவிடுங்கள். பிறகு தாளை வெட்டுவதுபோலவே வெட்டலாம், பசையும் மேலே ஊறி வராது. சரிகை பார்டருக்கு மட்டும் கவனம் தேவை. இப்போது வருவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் சரிகை. இஸ்திரிப் பெட்டி நேரடியாகப் பட்டால் சுருங்கிவிடும். மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, இழுக்காமல் அழுத்தி எடுங்கள்.

கேன்வாஸ் இல்லாதவர்கள் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து, வெட்டப்போகும் கோட்டின் மேல் துணியின் பின்பக்கம் தூரிகையால் தடவிக் காயவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே வெட்டலாம். மெல்லிய பட்டில் இதுவும் கறையாகத் தெரியும், முதலில் ஒரு துண்டில் செய்து பாருங்கள்.

ஓரத்தைப் பற்றிய கவலையே இல்லாத வழி ஒன்று உண்டு. அட்டையின் முகப்பில் 6 × 9 செ.மீ. ஜன்னல் வெட்டி, 8 × 11 செ.மீ. துணியைப் பின்னாலிருந்து இருபக்க டேப்பில் இழுத்து ஒட்டி, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி மூடிவிடுங்கள். துணியின் ஓரம் முழுவதும் உள்ளே போய்விடும். நல்ல காஞ்சிபுரம் பார்டர் துண்டு ஒன்று இப்படி ஜன்னலுக்குள் இருந்தால், அதன்மேல் கல்லும் சமிக்கியும் வைக்கக் கை போகக் கூடாது. நெய்தவர் செய்த வேலையே போதும்.

குந்தன் கற்கள் மீந்திருந்தன. உடனடியாக ஒட்டும் பசையில் ஒட்டினேன். சுற்றிலும் வெண்படலம் வந்து, கல்லின் மினுமினுப்பும் மங்கிவிட்டது.
– வாசகி, திருநெல்வேலி

அந்தப் பசை காயும்போது எழும் ஆவி அருகிலேயே வெண்பொடியாகப் படிகிறது. கல்லுக்கு ஒளி தருவது பின்பக்கம் உள்ள மெல்லிய தகடுபோன்ற பூச்சு. கடுமையான பசை அதையும் அரித்துவிடும். வெள்ளைப் பசையை ஊசிமுனை அளவு பல்குத்தியால் தொட்டு வைத்து, கல்லை வைத்து, நான்கு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பசை விட்டுப்போன பழைய ஒட்டுப்பொட்டுகளுக்கும் இதே முறை.

பள்ளியில் 40 பிள்ளைகளுக்குத் திறந்தால் எழுந்து நிற்கும் பொங்கல் அட்டை சொல்லித்தர வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். போன வருடம் செய்ததில் பானை அட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.
– ஆசிரியை, நாகர்கோவில்

எட்டிப் பார்ப்பது கணக்கில் வந்த பிழை, சுலபமாகத் தீர்க்கலாம். 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில், 56-ஐ நான்காகவும் 71-ஐ மூன்றாகவும் பிரித்தால் 14 × 23.5 செ.மீ. அளவில் 12 துண்டு வரும். 4 சார்ட்டில் 48 துண்டு. 40 பிள்ளைகளுக்குப் போக 8 துண்டு தவறு செய்பவர்களுக்கு. பாதி பயன்படுத்திய சார்ட்டுகள் பள்ளியிலேயே கிடைக்கும். எழுதிய பக்கம், கடைசியில் பின்னால் ஒட்டும் வெளி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் போதும். நோட்டுத்தாள் மட்டும் வேண்டாம், எழுந்து நிற்கும் பலம் அதற்கில்லை.

துண்டை 23.5 செ.மீ. நீளத்தில் பாதியாக மடித்தால் ஒவ்வொரு பக்கமும் 11.75 செ.மீ. இருக்கும். மடிப்பு விளிம்பின் நடுவில், 2 செ.மீ. இடைவெளி விட்டு, மடிப்பிலிருந்து உள்நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டு முடியும் இடத்தில் கோடு அழுத்தி, முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, பிறகு அட்டையைத் திறந்து அந்தப் பட்டையை உள்ளே தள்ள வேண்டும். ஒரு படிக்கட்டு எழுந்து நிற்கும். பானைப் படத்தைப் படிக்கட்டின் முன் முகத்தில், அடி ஒட்டி வருமாறு ஒட்ட வேண்டும்.

இனி கணக்கு. அட்டையை மூடும்போது படிக்கட்டு தன் வெட்டின் இரு மடங்கு தூரம், அதாவது 6 செ.மீ. வரை போகும். பானையோ, வெட்டின் நீளமும் தன் உயரமும் சேர்ந்த தூரம் போகும். 3 + 8 = 11 செ.மீ. பக்கம் 11.75 என்பதால் உள்ளே அடங்கும். பானையும் கரும்பும் சேர்ந்து உயரம் 8 செ.மீ.-ஐத் தாண்டினால் எட்டிப் பார்க்கும். போன வருடம் நடந்தது இதுதான்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் மூன்று. இரண்டு வெட்டும் சமமாக இல்லாவிட்டால் பானை சாயும். ஆகவே வெட்டுக் கோட்டை ஸ்கேலில் அளந்து பென்சிலால் போட வையுங்கள். படத்தைப் படிக்கட்டின் மேல்முகத்திலும் சேர்த்து ஒட்டிவிட்டால் அட்டை மூடாது. வெளி அட்டையை ஒட்டும்போது பட்டைக்குப் பின்னால் பசை போனால் எழும்பவே எழும்பாது. வெட்டைச் சுற்றி 1 செ.மீ. பசையில்லாமல் விட வேண்டும். வெளி அட்டைக்கு 15 × 24.5 செ.மீ. கிடைக்கும் எந்த அட்டையும் ஆகும்: பழைய நோட்டு மேலட்டை, மாதக் காலண்டர் தாள் இரண்டு சேர்த்து ஒட்டியது, சட்டைப் பெட்டி.

என் போஸ்டர் கலர், ஃபேப்ரிக் கலர், ஸ்கெட்ச் பேனா எல்லாம் காய்ந்துவிட்டன. அம்மா புதிது வாங்கித்தர மாட்டேன் என்கிறார். சரிசெய்ய முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

போஸ்டர் கலர் பிழைக்கும், தம்பி. அது கோந்து கலந்த நிறம், தண்ணீரில் மறுபடி கரையும். கட்டியை உடைத்து, கால் தேக்கரண்டி தண்ணீர் விட்டு மூடி, ஒரு இரவு ஊறவிட்டுக் குச்சியால் கலக்குங்கள். கெட்ட வாடை அடித்தால் கோந்து அழுகிவிட்டது என்று பொருள், அதைக் கொட்டிவிடுங்கள். ஃபேப்ரிக் கலரும் அக்ரிலிக்கும் காய்ந்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும், திரும்பாது. வெறுமனே கெட்டியாகியிருந்தால் மட்டும் சில துளித் தண்ணீர் விடலாம்.

ஸ்கெட்ச் பேனாவின் பின்மூடியைத் திறந்தால் பஞ்சுக்குழல் ஒன்று இருக்கும். அதை 10 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்தால் நல்ல வாட்டர்கலர். பின்னணி தீட்டலாம். ஆனால் தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளுக்கும். எனவே பசை வேலை முழுவதும் முடிந்து காய்ந்த பிறகே இதைத் தீட்ட வேண்டும்.

உறை தனியாக வாங்கினால் அட்டையைவிட விலை அதிகம். காலண்டர் தாளில் உறை செய்து தபாலில் அனுப்பலாமா? எடை கூடிவிடுமோ என்று பயம்.
– வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக அனுப்பலாம். மேலே சொன்ன 10.5 × 14.8 செ.மீ. அட்டைக்கு 20 செ.மீ. சதுரத் தாள் வேண்டும். சதுரத்தை மூலை மேலே வரும்படி வைத்து, அட்டையை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் 2, 3 மி.மீ. தளர்வு விட்டு மூலைகளை உள்ளே மடியுங்கள். முதலில் இடமும் வலமும், பிறகு கீழ் மூலை. கீழ் மூலையை மட்டும் பக்க மூலைகளின் மேல் ஒட்ட வேண்டும். படம் உள்ளே, வெள்ளை வெளியே. இரண்டு பக்கமும் அச்சிருந்தால் 6 × 9 செ.மீ. வெள்ளைத் தாள் ஒட்டி அதில் முகவரி எழுதுங்கள்.

எடைக்குத் தராசு தேவையில்லை. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் ஜி.எஸ்.எம். எண்ணை 16-ஆல் வகுத்தால் ஒரு தாளின் எடை கிராமில் வந்துவிடும். 250 ஜி.எஸ்.எம். ஏ4 அட்டை 15.6 கிராம், அதில் பாதி 7.8. 120 ஜி.எஸ்.எம். காலண்டர் தாளில் 20 செ.மீ. சதுரம் 4.8 கிராம். மொத்தம் 12.6. சாதாரணத் தபாலின் முதல் கட்டணம் 20 கிராம் வரை என்பதால் அலங்காரத்துக்கு 7 கிராம் மிச்சம். பொத்தானும் கண்ணாடிக் கல்லும் இதைச் சீக்கிரம் தின்றுவிடும், காகிதமும் துணியும் தின்னாது.

தபால்தலை ஒட்டும் வலது மேல்மூலையில் முத்திரை விழும். அதற்கு நேர் கீழே, உள்ளே இருக்கும் அட்டையில், கல்லோ மணியோ இருக்கக் கூடாது. மேடான அலங்காரம் உள்ள அட்டையின் முகத்தில் பற்பசைப் பெட்டியின் அட்டையை வெட்டி வைத்து அனுப்புங்கள்.

கோத்தகிரியில் இருக்கிறேன். பெரணி, பூக்களைப் புத்தகத்தில் வைத்துக் காயவைத்தால் கறுத்துவிடுகின்றன.
– வாசகி, கோத்தகிரி

மெதுவாகக் காய்வதே காரணம். பனி முழுவதும் விலகிய பிறகு, முற்பகல் பத்து, பதினொரு மணிக்குப் பறியுங்கள். வழுவழுப்பான புத்தகத் தாள் ஈரம் குடிக்காது, சாதாரண வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து வெளியே செய்தித்தாள் சுற்றிப் பாரம் வையுங்கள். இரண்டாம், நான்காம், ஏழாம் நாள் தாளை மாற்ற வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். உங்கள் ஊர் ஈரத்துக்கு மூன்று வாரம் ஆகும். பெரணியும் காகிதப்பூவும் நிறம் காக்கும். மல்லிகை பழுப்பாகும், செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

மண்ணில் வைத்தால் முளைக்கும்படி விதை கலந்த விதைத்தாள் செய்தேன். காய மூன்று நாள் ஆனது. பூஞ்சை வந்து, விதையும் அங்கேயே முளைவிட்டது.
– மகளிர் குழு உறுப்பினர், மதுராந்தகம்

விதை சேர்த்த தாள் 24 மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். ஒரு பக்கம் பயன்படுத்திய 70 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 10 எடுத்தால் ஏறக்குறைய 44 கிராம். சேதாரம் போக ஏ5 அளவில் ஐந்து கெட்டித்தாள் வரும். பளபளப்பான கல்யாணப் பத்திரிகைத் தாள் இதற்கு ஆகாது, அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் கரையாது. கிழித்து ஒரு இரவு ஊறவைத்து, மூன்று தாளுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். விதையை மிக்ஸியில் போடக் கூடாது. அரைத்த கூழில், ஐந்து தாளுக்கு ஒரு தேக்கரண்டி, கையால் கலக்க வேண்டும். முளைக்கீரை, சிறுகீரை விதைகள் பொடியாக இருப்பதால் தாளில் நன்றாக அடங்கும். துளசி விதை ஈரம் பட்டால் வழவழப்பாகும், பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

பழைய போட்டோ சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டினால் சல்லடை தயார். கூழைப் பரப்பி, மேலே பருத்தித் துணி வைத்து, நீர் சொட்டுவது நிற்கும்வரை பஞ்சால் ஒற்றி எடுங்கள். உங்கள் தாள் தவறியது இங்கேதான் இருக்கும். ஈரத்தை ஒற்றாமல் காற்றிலேயே காயட்டும் என்று விட்டால் மூன்று நாள் ஆகிவிடும். துணியோடு சேர்த்துச் சட்டத்திலிருந்து கவிழ்த்து, மின்விசிறிக்கு நேர் கீழே நிழலில் வைத்து, ஆறு மணி நேரத்தில் ஒரு முறை திருப்பிப்போடுங்கள். மழைக்காலத்தில் செய்யாதீர்கள். பெறுபவருக்குக் குறிப்பையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்: "நனைத்து, அரை செ.மீ. மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளவும்." பென்சிலால் எழுதினால் ஊறாது.

எதை எடுத்துவைப்பது, எதை வெளியே போடுவது? வீடு முழுக்க அட்டையாக இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

மடக்கினால் மடியாத, உடைந்துபோகும் பழுப்பேறிய தாள், மைதாப் பசை படிந்த பழைய அட்டை, பசை கசிந்து ஒட்டிக்கொண்ட சமிக்கிப் பொட்டலம் இவை வெளியே போகட்டும். உள்ளங்கையைவிடச் சிறிய தாள் துண்டுகளை 3 அல்லது 5 மி.மீ. பட்டையாக வெட்டிக் குவில்லிங்குக்கு (பட்டையைச் சுருட்டி உருவம் செய்யும் வேலை) ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு டப்பா நிரம்பினால் போதும், அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். நூல்களை ஐஸ் குச்சியில் சுற்றிவைத்தால் சிக்காது. நல்ல அட்டைகளைப் படுக்கவைத்தே அடுக்குங்கள், நிறுத்தி வைத்தால் வளையும். பெட்டி தரையைத் தொடாமல் இருக்கட்டும். உள்ளே நாலைந்து கிராம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.